சின்னக் கால்பந்து கிளப்புக்கு ரசிகர்கள் நிதி திரட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருநூறு, முந்நூறு பேர் வரும் மைதானம், சம்பளம் வாங்காத செயலாளர், மழை பெய்தால் ரத்தாகும் ஆட்டம். இங்கிலாந்தின் கீழ்மட்டக் கால்பந்து கிளப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. அத்தகைய கிளப்பைக் கைதூக்கிவிட நினைக்கும் ரசிகர்களுக்காக இந்தக் கேள்வி பதில். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பவை இங்கிலாந்துக்கு உரியவை.

நான்-லீக் கிளப் என்றால் எது?

பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள். அதன் கீழே இங்கிலிஷ் ஃபுட்பால் லீக்கின் மூன்று பிரிவுகளில் 72. இந்த 92க்கு வெளியே இருப்பவை எல்லாம் நான்-லீக். ஐந்தாம் மட்டத்தில் நேஷனல் லீக், அடுத்து அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள், அதற்கும் கீழே நார்தர்ன் பிரீமியர், சதர்ன், இஸ்த்மியன் லீக்குகள், பிறகு வட்டார லீக்குகள் என்று ஏணி இறங்கிக்கொண்டே போகும். மேல்படியில் முழுநேர வீரர்கள் உண்டு. கீழே போகப் போக, பகலில் குழாய் பழுது பார்ப்பவரும் பள்ளி ஆசிரியரும் மாலையில் பூட்ஸ் மாட்டுகிறார்கள். தொலைக்காட்சிப் பணம் இங்கே எட்டிப் பார்ப்பதே அரிது. நுழைவுக் கட்டணம், கிளப்பின் மதுக்கூடம், உள்ளூர் விளம்பரம் ஆகிய மூன்றும்தான் பிழைப்பு.

பணம் எங்கே கரைகிறது?

வீரர்களுக்கான படித்தொகை, நடுவர்களின் கட்டணம், வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ், மின்விளக்குக் கோபுரங்களின் கரண்ட் பில், புல்தரைப் பராமரிப்பு, காப்பீடு. இவை வெளியே தெரிபவை. தெரியாத ஒன்று, மேல்பிரிவுக்கு ஏறும்போது வரும் செலவு. ஒவ்வொரு மட்டத்துக்கும் மைதானத் தர விதிகள் உண்டு: இத்தனை இருக்கை, இத்தனை பேருக்குக் கூரை, இவ்வளவு வெளிச்சம். வென்று மேலே போனால் கட்டட வேலை வந்து நிற்கும். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் தேங்கி உள்ளூர் ஆட்டங்கள் அடுத்தடுத்துத் தள்ளிப்போனால் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. நெருக்கடி அறிக்கைகள் பெரும்பாலும் அந்த மாதங்களில் வருவதற்கு இதுவே காரணம்.

அடுத்த சனிக்கிழமையே தொடங்கக்கூடியது எது?

பாதிக்குப் பாதி குலுக்கல். ஆட்டத்துக்கு வருபவர்களிடம் டிக்கெட் விற்று, இடைவேளையில் எண்ணை அறிவித்து, திரண்டதில் பாதியை வென்றவருக்கும் மீதியைக் கிளப்புக்கும் கொடுப்பது. முந்நூறு பேர் வரும் மைதானத்தில் பாதிப்பேர் இரண்டு பவுண்டு கொடுத்தால் 300 பவுண்டு, கிளப்புக்கு 150. இருபது உள்ளூர் ஆட்டங்களுக்கு 3,000 பவுண்டு. டிக்கெட் புத்தகமும், கூச்சமில்லாமல் கூட்டத்துக்குள் நுழைந்து பேசும் இரண்டு பேரும் போதும். அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். டிக்கெட்டை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர் விற்பதைவிட, சிரித்துக்கொண்டே வரிசையோரம் நடக்கிறவர் பல மடங்கு விற்பார்.

'கோல்டன் கோல்' என்பது இதன் தம்பி. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு நேரம் அச்சிட்டிருக்கும். முதல் கோல் விழுந்த நேரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பரிசு. கோலே விழாவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். 0–0 நாளில் அந்த வாக்குவாதத்தைத் தவிர்க்கலாம்.

குலுக்கலுக்கு அனுமதி வேண்டாமா?

2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இதை இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஆட்டம் நடக்கும் இடத்தில், அந்த நிகழ்ச்சியின்போது மட்டுமே டிக்கெட் விற்றால் பதிவு தேவையில்லை. ஆனால் வசூலிலிருந்து பரிசுக்காக 500 பவுண்டுக்கு மேலும், அச்சு முதலிய செலவுக்காக 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. பரிசைத் தள்ளிவைத்து அடுத்த வாரப் பரிசோடு சேர்ப்பதும் கூடாது. மீதி தனியார் லாபத்துக்குப் போகக் கூடாது.

அக்கம்பக்கத்துக் கடைகளிலோ சமூக வலைத்தளத்திலோ விற்கத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அப்போது உள்ளாட்சி மன்றத்தில் 'சிறு சங்க லாட்டரி'யாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் முறை 40 பவுண்டு, பிறகு ஆண்டுக்கு 20. ஒரு குலுக்கலில் 20,000 பவுண்டு, ஓராண்டில் 2,50,000 பவுண்டு என்று விற்பனைக்கு உச்சவரம்பு. வசூலில் குறைந்தது 20 சதவீதம் நோக்கத்துக்குப் போக வேண்டும். 16 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. குலுக்கல் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். லாப நோக்கில்லாத சங்கம்தான் பதிவு செய்ய முடியும் என்பதால், கிளப் தனியார் கையில் இருந்தால் ரசிகர் சங்கத்தின் பெயரில் நடத்துங்கள். முகநூலில் 'சட்டை குலுக்கல், எண்ணுக்கு ஐந்து பவுண்டு' என்று போடுகிற கிளப்புகள் ஏராளம். அவற்றில் எத்தனை பேர் இந்த நாற்பது பவுண்டைக் கட்டியிருப்பார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

சீசன் இல்லாத மாதங்களில் என்ன செய்வது?

இதற்குத்தான் மாதக் குலுக்கல் சங்கம். பல கிளப்புகளில் இதை 'நூறு கிளப்' என்பார்கள். ஒன்று முதல் நூறு வரை எண்கள். ஆளுக்கு ஓர் எண், மாதம் ஐந்து பவுண்டு, வங்கியிலிருந்து தானாகவே வந்துவிடும். மாதம் 500 பவுண்டு வரவு. அதில் 200ஐப் பரிசாகக் கொடுத்தால் ஆண்டுக்கு 3,600 மிச்சம். என் கணிப்பில் சிறிய கிளப்புக்கு இதைவிட நல்ல வருமானம் கிடையாது. பந்தே உருளாத ஜூன் மாதத்திலும், ஆட்டம் ரத்தான ஜனவரியிலும் ஒரே அளவில் வரும். ஊரை விட்டுப் போய் ஆஸ்திரேலியாவில் குடியேறிய பழைய ரசிகருக்குத் தன் கிளப்போடு ஒரு நூலிழைத் தொடர்பும் மிஞ்சும். ஆனால் கவர்ச்சி இல்லாத வேலை. நூறு எண்ணையும் நிரப்ப ஓர் ஆண்டு பிடிக்கலாம்.

அதே இருநூறு பேரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சலித்துப் போய்விடாதா?

சலித்துத்தான் போவார்கள். நுழைவுக் கட்டணம் கொடுத்து, நிகழ்ச்சிப் புத்தகம் வாங்கி, தேநீர் குடித்து, குலுக்கலும் எடுத்தவரிடம் வெளியே போகும்போது வாளியை நீட்டுவது ஒரே மாட்டை ஒரு நாளில் ஐந்து முறை கறப்பதுதான். எந்த யோசனை வந்தாலும் முதலில் ஒரு கேள்வியால் சலித்துப் பாருங்கள்: இந்தப் பணம் வழக்கமாக வருபவரின் பையிலிருந்து வருகிறதா, வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறதா? முன்னதைச் சிக்கனமாகவும் பின்னதைத் தாராளமாகவும் செய்யுங்கள்.

வெளியாட்களை இழுக்க வழிகள் உண்டு. 2010 முதல் 'நான்-லீக் டே' என்று ஒரு நாள் கொண்டாடப்படுகிறது. சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் ஓய்வெடுக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து வைப்பார்கள். ஆர்சனல், வெஸ்ட் ஹாம் ரசிகருக்கு அன்று போக இடமிருக்காது. 'விருப்பப்பட்டதைக் கொடுங்கள்' என்று அன்று கதவைத் திறந்துவிடும் கிளப்புகள் பல. கட்டணத்தில் இழந்ததை மதுக்கூடமும் உணவுக் கடையும் ஈட்டிவிடும். வந்தவர்களில் பத்துப் பேர் திரும்பி வந்தாலே லாபம். ஒரு சலுகை உங்கள் பக்கம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் ஐந்து மட்டங்களில் ஆடுதளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது. ஆறாம் மட்டத்திலிருந்து கீழே அந்தத் தடை கிடையாது. கையில் பியர் குவளையோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்க்கலாம். பிரீமியர் லீக்கில் பெருந்தொகை கொடுத்தாலும் இது கிடைக்காது. சுவரொட்டியில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மைதானம் மைதானமாக ஏறி இறங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்ட 'கிரவுண்ட்ஹாப்பர்' கூட்டமும் உண்டு. அவர்கள் கேட்பது எளியது: அச்சடித்த நிகழ்ச்சிப் புத்தகம், ஒரு பேட்ஜ், 'பை' என்னும் சூடான இறைச்சிப் பண்டம். மூன்றும் இருந்தால் போதும்.

இணையத்தில் நிதி வேண்டுகோள் வைக்கலாமா?

உண்மையான ஆபத்து, குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட கெடு. இம்மூன்றும் இருந்தால் நம்ப முடியாத அளவுக்குப் பணம் வரும். 2011 ஆகஸ்டில், ரெக்ஸம் ஐந்தாம் மட்டத்தில் இருந்தபோது, லீக் கேட்ட பிணைத்தொகைக்காக ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கொண்டுவந்து குவித்தார்கள். ஹாலிவுட் நடிகர்கள் அந்த கிளப்பை வாங்கியதற்குப் பத்தாண்டு முந்தைய கதை இது. செஸ்டர் கிளப் 2018 ஜனவரியில் அவசரமாக 50,000 பவுண்டு வேண்டும் என்று அறிவித்தபோதும் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்தார்கள்.

இந்த ஆயுதத்தை ஒரு தலைமுறைக்கு ஒரு முறை எடுக்கலாம். ஆண்டுதோறும் 'நாங்கள் மூழ்கப்போகிறோம்' என்று கூவும் கிளப்பை யாரும் நம்புவதில்லை. பதிலுக்கு ஏதேனும் விற்கும் வேண்டுகோளுக்கு ஆயுள் அதிகம். இதில் மரைன் கிளப் பாடமே நடத்தியது. லிவர்பூல் அருகே கிராஸ்பியில் இருக்கும், அப்போது எட்டாம் மட்டத்தில் ஆடிய கிளப் அது. வீட்டுத் தோட்டங்கள் ஆடுதளத்தை ஒட்டியே இருக்கும். 2021 ஜனவரி 10 அன்று பெரிய கிளப்பும் சின்னக் கிளப்பும் மோதக்கூடிய எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில், மொரின்யோ மேலாளராக இருந்த பிரீமியர் லீக் கிளப் டாட்டன்ஹாம் அங்கே வந்து இறங்கியது. கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய நாள். கொரோனாக் கட்டுப்பாட்டால் ஒரு ரசிகரையும் உள்ளே விட முடியாது. அழுது முறையிடாமல், பத்து பவுண்டுக்கு மாய டிக்கெட் விற்றார்கள். அதில் எந்த இருக்கையும் கிடைக்காது. ஆனால் வாங்கியவர்களில் ஒருவருக்கு, அடுத்த சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டம் ஒன்றில் மரைன் அணிக்கு மேலாளராக இருக்கும் வாய்ப்பு. 30,697 டிக்கெட் விற்றது. டாட்டன்ஹாம் ரசிகர்களே அள்ளி வாங்கினார்கள். ஆட்டம் 0–5 எனத் தோல்வி. கணக்குப் புத்தகத்தில் மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் வரவு.

அந்தப் பரிசைக் கொடுக்க கிளப்புக்கு ஆன செலவு சொற்பம். டாட்டன்ஹாம் வராத ஊரிலும் இதைச் செய்யலாம்: ஒரு நட்பு ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் களமிறங்குவது, வெளியூர்ப் பயணத்தில் வீரர்களோடு பஸ்ஸில் போவது, அடுத்த சீசன் சட்டை நிறத்துக்கு வாக்களிப்பது. பணத்தால் வேறெங்கும் வாங்க முடியாத பொருள் உங்கள் அலமாரியில் நிறைய இருக்கிறது.

சட்டை, ஸ்கார்ஃப் விற்றால் லாபம் வருமா?

நல்ல வடிவமும் அதன் பின்னால் ஓர் எண்ணமும் இருந்தால் வரும். கிழக்கு லண்டனில் 2018இல் ரசிகர்களே தொடங்கிய கிளாப்டன் கம்யூனிட்டி கிளப், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போராடிய சர்வதேசப் படையணிகளின் நினைவாக, ஸ்பானியக் குடியரசுக் கொடியின் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களில் வெளியூர்ச் சட்டை தைத்தது. சில நூறு விற்கும் என்று நினைத்தார்கள். ஸ்பெயின் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்து, பார்சல் கட்ட ஆளில்லாமல் தன்னார்வலர்கள் திண்டாடினார்கள். அப்போது ஏணியின் அடிமட்டத்தில் ஆடிய அணி அது. 2020இல் தங்கள் பழைய மைதானமான ஓல்ட் ஸ்பாட்டட் டாக்கை உறுப்பினர்களே வாங்கிவிட்டார்கள்.

நடைமுறை எச்சரிக்கை: முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு தைக்கக் கொடுங்கள். அளவு தவறிய முப்பது சட்டைகள் அட்டைப்பெட்டியில் கிடக்காத கிளப் அலுவலகம் அபூர்வம்.

ஸ்பான்சர் பிடிப்பது ரசிகர்களின் வேலையா?

பெரிய ஒப்பந்தம் நிர்வாகத்தின் வேலை. சில்லறை ஸ்பான்சர் உங்கள் வேலை. ஆட்டப் பந்துக்கு ஒருவர், ஒரு வீரரின் உள்ளூர்ச் சட்டைக்கு ஒருவர், வெளியூர்ச் சட்டைக்கு இன்னொருவர், ஆட்ட நாயகன் பரிசுக்கு ஒருவர் என்று பிரித்து விற்கலாம். முடிதிருத்தகம், கார் பழுதுபார்ப்பவர், கறிக் கடைக்காரர் போன்றோர் ஐம்பது பவுண்டுக்கு யோசிக்க மாட்டார்கள். ஐந்நூறு என்றால் ஓடிவிடுவார்கள். சசெக்ஸில் ரசிகர்கள் உடைமையாக உள்ள லூயிஸ் கிளப், 'டிரிப்பிங் பேன்' என்ற தன் மைதானத்தில் கடற்கரைக் குடில்களை வரிசையாக வைத்து, அவற்றையே விருந்தினர் அறைகளாக வாடகைக்கு விடுகிறது. பெரிய கிளப்புகளின் கண்ணாடி அறைகளை இவ்வளவு அழகாகக் கிண்டல் செய்து காசும் பார்த்தவர்கள் வேறு யாருமில்லை.

இங்கே குடியேறிய தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன ஓல்ட் ஸ்பாட்டட் டாக், தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமைப் போலவே லண்டனின் நியூஹாம் உள்ளாட்சிப் பகுதிக்குள்தான் இருக்கிறது. பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் மட்டுமே விற்கும் மைதானத்தில் சனிக்கிழமை மட்டன் ரோல்ஸும் இஞ்சித் தேநீரும் வைத்தால் இடைவேளையிலேயே தட்டு காலியாகும். தொடர்ந்து விற்பதாக இருந்தால் தொடங்குவதற்கு 28 நாள் முன்பே உள்ளாட்சி மன்றத்தில் உணவு வணிகமாகப் பதிவு செய்ய வேண்டும், பதிவு இலவசம். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எவை உணவில் உள்ளன என்றும் சொல்ல வேண்டும். லாபத்தில் பங்கா, கடைக்கு நாள் வாடகையா என்பதை கிளப்போடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

வினாடி வினா இரவு, பழைய பொருள் சந்தை, நடைப்பயணம்?

எல்லாம் நல்லவையே, எல்லோருக்கும் தெரிந்தவையே. உரிமம் இல்லாத இடத்தில் மது விற்பதாக இருந்தால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். 21 பவுண்டு, 499 பேர் வரை, பத்து வேலை நாள் முன்பாக. அடுத்த ஊர் மைதானம்வரை நடந்தே போவது மட்டும் தனிச் சிறப்புடையது. ஆதரவுப் பணம் உங்கள் அலுவலக நண்பர்களிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் வருவதால் அது வெளிப் பணம்.

நன்கொடைக்கு வரிச் சலுகை கிடைக்குமா?

சமூக அமெச்சூர் விளையாட்டு கிளப்பாக வரித்துறையில் பதிவு செய்தால், வரி செலுத்தும் ஒருவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம். மைதானத்துக்கான வணிகச் சொத்து வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. ஆனால் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தத் தொகை ஆண்டுக்கு 10,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. அரைத் தொழில்முறை அணி இதைச் சில மாதங்களில் தாண்டிவிடும். உறுப்பினர் சந்தாவுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

ரசிகர்களே பங்கு வாங்கி கிளப்பை எடுத்துக்கொள்வது சரிப்படுமா?

சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்து பங்கு வெளியிடலாம். நூறு பவுண்டு போட்டவருக்கும் பத்தாயிரம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியதை எதிர்த்து 2005இல் பிறந்த எஃப்.சி. யுனைடெட் இப்படித்தான் இருபது லட்சம் பவுண்டு அளவுக்குத் திரட்டி, 2015இல் மாஸ்டனில் பிராட்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தைத் திறந்தது. மைதானம் வந்தபின் உட்பூசலும் வந்தது. 2016இல் நிர்வாகிகள் பலர் விலகினர். 2002இல் ரசிகர்களே பூங்காவில் வீரர் தேர்வு நடத்தி ஒன்பதாம் மட்டத்தில் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன், 2011இல் ஃபுட்பால் லீக்கை எட்டியது. புதிய பிளவ் லேன் மைதானத்துக்காக ரசிகர்களிடம் கடன்பத்திரம் விற்று ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. வட்டி எவ்வளவு, அல்லது வட்டியே வேண்டாமா என்பதை வாங்குபவரே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

எதிர்மறை உதாரணம் எப்ஸ்ஃப்ளீட். 2008இல் ஆளுக்கு 35 பவுண்டு கட்டிய சுமார் முப்பதாயிரம் இணைய உறுப்பினர்கள் அந்த கிளப்பை வாங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம், நான்-லீக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிராபியையும் அணி வென்றது. ஓரிரு ஆண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை சில ஆயிரமாகச் சரிந்து, 2013இல் பங்குகளைக் கைவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த மைதானத்தில் கால் வைத்ததே இல்லை. புதுமை தீர்ந்ததும் பணமும் தீர்ந்தது.

கோப்பையில் பெரிய கிளப் கிடைத்தால் கடன் தீருமே?

தீர்ந்திருக்கிறது. ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருந்த எக்ஸிட்டர் சிட்டி, ஐந்தாம் மட்டத்தில் இருந்தபோது, 2005 ஜனவரியில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0–0 என்று நிறுத்தியது. அந்த ஆட்டத்தின் டிக்கெட் பங்கும் மறு ஆட்டத்தின் வருவாயும் கடன் சுமையை இறக்கின. வந்தால் வாரிக்கொள்ளுங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

திரட்டிய பணத்தை அப்படியே கிளப்பிடம் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ரசிகர் சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒரு முறை அறிவிப்புப் பலகையில் வரவுசெலவு. பொதுக் கணக்கில் கொட்டிய பணம் சம்பளமாகக் கரைந்துவிடும். யாருக்கும் காட்ட ஒன்றும் மிஞ்சாது. 'புல்வெட்டும் இயந்திரத்துக்காக' என்று கேட்டால் மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், அது ஓடுவதையும் பார்க்கிறார்கள். இயலுமானால் பொருளைச் சங்கத்தின் பெயரிலேயே வாங்கி, கிளப்புக்குப் பயன்படுத்தக் கொடுங்கள். உரிமையாளர் மாறினாலும், கிளப் திவாலாகி நிர்வாகி வந்து கதவைப் பூட்டினாலும் ரசீது உங்கள் பெயரில் இருக்கும். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் உரிமையாளரிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

மே மாதத்தில். சீசன் முடிந்து ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள். ஜூனில் மாதக் குலுக்கலுக்கு ஆள் சேர்த்து, உள்ளாட்சிப் பதிவை முடித்துவிடுங்கள். ஜூலையில் பெரிய கிளப்புகள் தங்கள் இளைஞர் அணிகளை நட்பு ஆட்டங்களுக்கு அனுப்பும். வழக்கத்தைவிடக் கூட்டம் வரும், பாதிக்குப் பாதி குலுக்கலை அன்றே ஒத்திகை பார்க்கலாம். ஆகஸ்டில் லீக் தொடங்கும்போது டிக்கெட் விற்பவர்களுக்குக் கை பழகியிருக்கும்.